வரி முடியும் இடத்தில் ஒரு பெயர்

அந்த அச்சகத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைப்பது புரோகிராமரின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவனாக இழுத்துப் போட்டுக்கொண்டது. எதைக் கேட்டாலும் தள்ளிப்போடும் மேனேஜருக்கு 'அப்புறம் சார்' என்று வைத்தான். கீழே அச்சு இயந்திரத்தை ஓட்டுகிற மெஷின்காரர் பேசினாலே கத்துவது போல இருக்கும், அவருக்கு 'லவுட்ஸ்பீக்கர்'. தமாஷுக்குத்தானே என்பான். தனக்கு மட்டும் யாரும் பெயர் வைத்துவிடாதபடி உஷாராக இருந்தான். ஆள் கெட்டவன் இல்லை. வேலையில் கெட்டிக்காரன், வீட்டுக்கு அடங்கியவன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

பார்வையில்லாதவர்களுக்கான புத்தகங்கள் தயாராகிற அச்சகம் அது. மாடியில் கம்ப்யூட்டர் அறை. கீழே தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தள்ளுகிற பிரெயில் இயந்திரம். அது ஓடும்போது மாடி மேசையில் இருக்கும் தண்ணீர் டம்ளர் நடுங்கும். மாடியின் கடைசி அறையில் பிழை பார்க்கிற புரூஃப் அக்கா. பிறவியிலேயே பார்வை கிடையாது. அச்சகத்திலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு பக்கமும் அவர் விரலடியில் போய்த்தான் ஆக வேண்டும். ஒரு புள்ளி பிசகினாலும் தாள் திரும்பி வந்துவிடும்.

புத்தகங்களும் வினாத்தாள்களும் பெரும்பாலும் இணையப் பக்கங்களாகத்தான் வரும். அந்தப் பக்கங்களில் எழுத்தோடு கூடவே ஆயிரம் குறிகள் இருக்கும்: இது தலைப்பு, இது பத்தி, இங்கே வரியை உடை என்று. குறிகளை எல்லாம் உதறிவிட்டு வெறும் எழுத்தை மட்டும் எடுத்துத் தர புரோகிராமர் ஜாவா என்கிற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தான். அதற்கென்று ஏற்கெனவே ஒரு கட்டளை தயாராகக் கிடைக்கிறது. அதைக் கூப்பிட்டால் போதும், எழுத்து கைக்கு வந்துவிடும். ஒரே ஒரு வில்லங்கம். அந்தக் கட்டளை வரிமுறிவுகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே நீள வரியாக நீட்டிவிடும்.

வாராந்திரக் கூட்டத்தில் புரூஃப் அக்கா ஒரு தாளை மேசைமேல் வைத்தார்.

"தம்பி, கேள்வி எங்க முடியுது, விடை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலப்பா. நாலு விடையும் ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்குது. தடவித் தடவி விரல்தான் தேயுது."

"ஒரு எழுத்துகூட விட்டுப்போகலையே அக்கா."

"எழுத்தெல்லாம் இருக்கு. நிக்கிற இடம்தான் இல்ல. உங்களுக்குக் கண்ணு இருக்கு, ஒரு பார்வையில பிரிச்சுடுவீங்க. விரலுக்கு அது இருக்கிற இடம் மட்டும்தான் தெரியும்."

மேனேஜர் அதிசயமாகத் தள்ளிப்போடவில்லை. "அக்கா சொல்றது நியாயம்தானப்பா. முதல்ல அதைச் சரி பண்ணு" என்றுவிட்டார்.

அத்தனை பேர் முன்னால் மூக்கு உடைந்ததில் அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கீழே இறங்கி வந்து மெஷின்காரரிடம் பொருமினான். "எதை எடுத்தாலும் ஒரு நொட்டை, எதைத் தொட்டாலும் ஒரு குத்தம். நொட்டைராணி!" மெஷின்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் சட்டைமேல் கொட்டியது. சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் படிக்கட்டு ஏறி எல்லா மேசைக்கும் போய்விட்டது. மேனேஜர் காதுக்கு மட்டும் எட்டவில்லை. அன்று வீட்டிலும் சொல்லிச் சிரித்தான். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிற மனைவி சிரிக்கவில்லை.

"அந்தக்கா காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க?"

"எங்க விழப்போகுது? நீ ஒருத்தி."

மறுநாள் வேலையில் இறங்கினான். எழுத்தை எடுக்கும் முன்பே வரி உடைகிற இடங்களில் ஒரு புதுவரியைச் செருகிப் பார்த்தான். அந்தக் கட்டளை அதையும் ஓர் இடைவெளியாக நசுக்கிவிட்டது. அப்படியானால் ஒரே வழிதான். வரி முடிகிற ஒவ்வொரு இடத்திலும் ஓர் அடையாளச் சொல்லை நட வேண்டும். சொல்லைக் கட்டளை நசுக்காது. எழுத்தெல்லாம் வெளியே வந்த பிறகு, அந்தச் சொல் இருக்கிற இடத்தில் எல்லாம் வரியை உடைத்துவிட்டுச் சொல்லைத் தூக்கி எறிந்துவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சொல் எந்தப் புத்தகத்திலும் தப்பித் தவறிக்கூட வரக் கூடாது. வந்தால், இல்லாத இடத்தில் வரி உடையும். என்ன சொல்லைப் போடலாம் என்று கன்னத்தில் கைவைத்து யோசித்தவன் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டான். எந்தப் புத்தகத்திலும் வராத சொல் ஒன்று கைவசம் இருக்கிறதே! நொட்டைராணி என்று தட்டினான். நிரலுக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

நிரல் ஓடியது. கேள்வி தனி வரியில், விடைகள் தனித்தனி வரியில், பத்திகள் பத்திகளாக வந்து நின்றன. அடையாளச் சொல் இருந்த சுவடே இல்லை. அடுத்த கூட்டத்தில் புரூஃப் அக்கா அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

"சார், நம்ம தம்பி கையில என்னமோ இருக்கு. எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தேன், ஒருத்தரும் காதுல வாங்கல. இவன் ஒரே வாரத்துல பண்ணிட்டான். நல்லா இருப்பா, நல்லா இரு."

மேசைக்கு அந்தப் பக்கமிருந்து மெஷின்காரர் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார். அவருக்கு நிரலைப் பற்றித் தெரியாது. பெயரை நினைத்துச் சிரித்தார். புரோகிராமருக்கு மட்டும் சுருக்கென்றது. சட்டைக்குள் முள் ஒன்று மாட்டிக்கொண்டது போல நாள் முழுக்க நெளிந்தான். நாளைக்கே அந்தச் சொல்லை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததோடு சரி. ஓடுகிற நிரலில் கை வைப்பானேன் என்று மனம் சாக்குச் சொன்னது. மேனேஜருக்கு வைத்த பட்டப்பெயர் தனக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும் என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த வருஷம் பிரெயில் புத்தகங்களுக்கான பதிப்பாசிரியர் பதவிக்குத் தேர்வு அலுவலகம் தேர்வு அறிவித்தது. பார்வையில்லாதவர்கள் மட்டும் எழுதுகிற தேர்வு. புரூஃப் அக்காவும் விண்ணப்பித்தார். ஏற்கெனவே எழுதி, மயிரிழையில் விட்டுப்போன தேர்வு அது.

"இதுதான் கடைசி தம்பி. இதை விட்டா வயசு இடம் குடுக்காது" என்றார் அவனிடம். "எத்தனை நாளைக்கு அடுத்தவங்க புத்தகத்தையே தடவிக்கிட்டு இருக்கிறது? எந்தப் புத்தகம் வரணும்னு நாமளும் ஒரு நாள் சொல்லணும்ல?"

"கட்டாயம் பாஸ் ஆவீங்க அக்கா" என்றான். மனசாரத்தான் சொன்னான்.

வினாத்தாள் அச்சடிக்கிற வேலை இதே அச்சகத்துக்குத்தான் வந்தது. தேர்வு எழுதுகிறவர் தாளைப் பார்க்கக் கூடாதில்லையா, அதனால் தேர்வு முடியும்வரை அக்காவுக்கு விடுப்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தாளில் முதல் பக்கத்தைத் தவிர மீதி எல்லாம் கட்டம் போட்ட அட்டவணைகளாக இருந்தன. அட்டவணைக்கென்று புரோகிராமர் அவசர அவசரமாகத் தனியாக ஒரு பகுதி எழுதினான். பழைய பகுதியிலிருந்தே வெட்டி ஒட்டினான். அடையாளச் சொல்லை நடுகிற படி வந்துவிட்டது. அதை எடுத்து எறிகிற கடைசிப் படி ஒட்டாமல் விட்டுப்போயிற்று.

"அக்கா இல்லையேப்பா, நீயே ஒருதரம் முழுசாப் பார்த்துடு" என்றார் மேனேஜர்.

முதல் பக்கத்தைத் திரையில் பார்த்தான். ஜோராக இருந்தது. "பார்த்துட்டேன் சார்" என்றான்.

மெஷின்காரருக்குப் புள்ளி ஓட்டத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. இயந்திரம் குத்தித் தள்ளியது. உறைகளில் போட்டு, அரக்கு வைத்து அனுப்பிவிட்டார்கள்.

தேர்வன்று மத்தியானம் மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் கேட்டார். "என்னப்பா இது? ஒவ்வொரு வரி முடியும்போதும் ஒரு வார்த்தை வருதாம். நொட்டைராணியாம். தேர்வு அலுவலகத்துல கேக்கறாங்க. யாரு அது?"

புரோகிராமரின் முகத்தில் ஈயாடவில்லை. காது மடல் இரண்டும் கொதித்தன. அந்தத் தாள் இப்போது யார் கையில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"அது... மெஷின் தானா எதையோ போட்டுடுச்சு சார். கோளாறு."

மேனேஜர் அதை அப்படியே போனில் ஒப்பித்தார். சின்னக் கோளாறுதான், கேள்விகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, படிக்க ஒன்றும் தடை இல்லை என்று பூசி மெழுகினார். தேர்வு அலுவலகமும் அதை ஏற்றுக்கொண்டது. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மெஷின்காரர், வாழ்நாளில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"அடப்பாவி. நம்ம அக்கா பரீட்சை எழுதுற தாள்லயா?"

விடுப்பு முடிந்து அக்கா திரும்பி வந்தார். மேனேஜர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது புரோகிராமரும் பக்கத்தில் நின்றான்.

"ஆமா சார், ஏதோ ஒரு வார்த்தை வந்துச்சு" என்றார் அக்கா. பிறகு அவன் நிற்கிற பக்கம் முகத்தைத் திருப்பினார். "என்னன்னு தம்பிக்குத்தான் தெரிஞ்சிருக்கும்."

அவர் காத்திருந்தார்.

"கோளாறுக்கா" என்றான்.

"அப்படியா" என்று எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. அக்காவின் அறையைத் தாண்டாமல் இருக்கப் பின்படிக்கட்டில் ஏறி இறங்கினான். எதிரே வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவான். அவரோ, "தம்பி, வழியில நிக்காதப்பா, இடிச்சுக்குவேன்" என்று சொல்லிக்கொண்டே போவார். பார்வை உள்ளவன் ஒளிந்து, பார்வை இல்லாதவர் கண்டுபிடிக்கிற கூத்து. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

முடிவுகள் வந்தன. அக்கா பெயர் அதில் இல்லை. கடைசிப் பகுதியை அவர் தொடவே இல்லையாம், நேரம் போதவில்லையாம். அன்றைக்குத்தான் அவன் அந்தக் கடைசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். உட்காரவும் தோன்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான்: பெயர் வைத்தது, நிரலில் போட்டது, பார்க்காமலே பார்த்தேன் என்றது, கோளாறு என்று புளுகியது.

அக்கா கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்.

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாப்பா? படிக்கட்டுல குசுகுசுன்னு பேசுறது எனக்கு முதல் நாளே கேட்டுச்சு. போனாப் போகுது, சின்னப் பசங்க, இந்தச் சுவத்துக்குள்ளதானேன்னு விட்டுட்டேன். பரீட்சை ஹாலுக்கு அது எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கும்னு நினைக்கல."

"அக்கா, நான்..."

"ஒவ்வொரு வரி முடிவுலயும் அதேதான். உங்களுக்குன்னா தாண்டிப் போயிடலாம். விரல் தாண்டாதே. ஒவ்வொரு தடவையும் தொட்டுட்டுத்தான் போகணும். பக்கமெல்லாம் நீண்டு போச்சு. கட்டம் ஒழுங்காத்தான் பிரிஞ்சிருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்." அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "சுத்தி என்கூடப் படிச்சவங்க. 'யாருடி இந்த நொட்டைராணி?'ன்னு ஒருத்தி கேட்டா. ஹாலே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். யாரோ தெரியலையேன்னு சொன்னேன்."

பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்து வந்தவன் அவன்.

"தேர்வு அலுவலகத்துல உண்மையைச் சொல்லிடறேன் அக்கா. தப்பு எங்க பக்கம்னு தெரிஞ்சா எல்லாருக்கும் மறுதேர்வு வைப்பாங்க. உங்களுக்கும் வயசுத் தளர்வு கிடைக்கும்."

"சொன்னா, அது யாரோட பேருன்னு கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க."

"என்னன்னு சொல்லுவ?"

அக்காவே தலையை அசைத்தார்.

"வேண்டாம்பா. பதவி இல்லாட்டியும் பொழச்சுக்கலாம். அந்த ஹால்ல இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேரை நினைப்பாங்க. அது எனக்கு ஆகாது. நீ போ."

வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மனைவி வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லச் சொல்ல அவள் கை நின்றது. கடைசியில் கையிலிருந்த துண்டைத் தூக்கி அவன்மேல் வீசினாள்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? அன்னைக்கே சொன்னேன்ல? சிரிச்சீங்களே பல்லைக் காட்டிக்கிட்டு! ஒரு மனுஷியோட கடைசி வாய்ப்புங்க!"

"சொன்னா அவங்க மானம் போகுது, சொல்லாட்டி பதவி போகுது. நான் என்னதான் பண்றது?"

அவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு, "என் பேருன்னு சொல்லுங்க" என்றாள்.

"என்னது?"

"வீட்டுல பொண்டாட்டியைக் கூப்பிடற பேருன்னு சொல்லுங்க. உங்களைத் தினம் நாலு நொட்டை சொல்றவதானே நான்? யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"உன்னை எதுக்கு இதுல..."

"வேற யாரு இருக்கா? சொல்லுங்க பார்ப்போம்!"

வேறு யாரும் இல்லை. மறுநாள் தேர்வு அலுவலகத்தில் போய் நின்றான். அது மெஷின் கோளாறு இல்லை, நான் போட்ட சொல், தாளைச் சரிபார்க்காமலே அனுப்பினேன், அது என் மனைவியை நான் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர் என்றான். அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்ல செல்லம்" என்றார். பக்கத்து மேசைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் கத்து கத்து என்று கத்தி, தேர்வு வேலைகளிலிருந்து அவனைத் தள்ளிவைத்தார். அந்தச் செல்லப்பெயர்ப் பேச்சு அச்சகம் முழுக்கப் பரவி, அக்கா காதுக்கும் எட்டியது. மறுதேர்வு அறிவித்தார்கள், வயதுத் தளர்வும் கொடுத்தார்கள். அக்கா எழுதினார், தேறினார்.

அக்கா பதிப்பாசிரியரான அன்று கீழ்த்தளத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். வீட்டாரையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார் மேனேஜர். புரோகிராமர் வேண்டாம் என்றுதான் சொன்னான். "நான் அந்தக்காவைப் பார்க்கணும்" என்று மனைவி கிளம்பிவிட்டாள்.

உள்ளே காலெடுத்து வைத்ததுமே மேனேஜர் கையை விரித்தார். "வாங்க வாங்க! யாரு வந்திருக்கா பாருங்கப்பா, நம்ம நொட்டைராணி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெயர் உண்மையில் யாருக்கு வைத்தது என்று தெரிந்தவர்கள்கூடச் சிரித்துவைத்தார்கள். மெஷின்காரர் மட்டும் குனிந்து இல்லாத எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவியும் சிரித்தாள். இதற்காகவே வீட்டில் ஒத்திகை பார்த்து வந்தவள் போலச் சிரித்தாள். ஆனால் அவள் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. புரோகிராமர் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். சிரிப்பு வந்த பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு வந்து, மனைவியின் தோளைத் தொட்டு, கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானாம்மா அது?"

"ஆமாக்கா."

"சார்" என்றார் அக்கா, மேனேஜர் பக்கம் திரும்பாமலே. "அது இந்தப் பொண்ணோட பேரு இல்ல. என்னோடது. நான் பாஸ் ஆகணும்னு கொஞ்ச நாள் எனக்காக வாங்கி வச்சுக்கிட்டா."

சிரிப்பு அறுந்தது. மேனேஜர் அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"உங்களுக்கா? உங்களுக்கு யாரு வச்சா அந்தப் பேரை?"

எல்லார் பார்வையும் ஒரே இடத்துக்கு வந்தது. புரோகிராமர் தலையைக் குனிந்துகொண்டான். பார்வை உள்ள அத்தனை பேருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. மேனேஜர்கூடத் தொண்டையைச் செருமிவிட்டு, "சரி சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று பேச்சை மாற்றப் போனார்.

"என்ன, யாரும் வாயே திறக்க மாட்டேங்கறீங்க?" என்றார் அக்கா. மனைவியின் கையை அவர் விடவில்லை. "தம்பி, இங்கதானே இருக்க? நீ தலையைக் குனிஞ்சா எனக்கு எப்படித் தெரியும்? சொல்லு."

"நான்தான்... நான்தான் வச்சேன்" என்றான் புரோகிராமர். பக்கத்தில் நின்றவருக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"கேக்கல" என்றார் அக்கா.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் பார்வையை அவன் பக்கம் திருப்பவில்லை. அவன் இன்னொரு முறை, கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, சொன்னான்.